டமாரும் ஒரு சின்னக் கண்ணாடியும்

தங்கை வருகிறாள் என்பதைக் கண்ணாடிக்காரர் எப்போதும் காதால்தான் தெரிந்துகொள்வார். முதலில் தெருவில் வாடகைக் காரின் கதவு. அடுத்து அதன் டிரைவர் தலையை நீட்டி ஏதோ புலம்புவது. பிறகு கம்பிக் கேட். கடைசியில் வீட்டு வாசல் கதவு. அவள் செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள், கடையில் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் கண்ணாடிகள் எல்லாம் ஒரு தரம் சிணுங்கி அடங்கியிருக்கும்.

அவளுக்கு டமார் என்று பட்டப்பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. காரணம் மட்டும் அண்ணனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவர்களுடைய அப்பா ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டினார். பள்ளிக்கூடம் போவது அதில்தான். அதன் பக்கக் கதவை ஓங்கிச் சாத்தினால்தான் சாத்திக்கொள்ளும். மெதுவாகச் சாத்தினால் அடுத்த திருப்பத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கதவோரம் உட்காருவது தங்கை. "ஓங்கிச் சாத்து. இன்னும் ஓங்கி" என்று தினமும் சொல்லிச் சொல்லிப் பழக்கியது அவர்தான். வேன் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. பழக்கம் போகவில்லை.

இத்தனைக்கும் அவளுக்கு மென்மையான கை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அழுகிற குழந்தை, நரம்பு கிடைக்காத கிழவர், ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற பலசாலி, எல்லாரையும் அவளிடம்தான் அனுப்புவார்கள். "அவ ஊசி போட்டா போட்டுக்கிட்டவங்களுக்கே தெரியாது. கதவைச் சாத்தினா தெருவுக்கே தெரியும்" என்பாள் அண்ணி.

அண்ணி என்பது கண்ணாடிக்காரரின் மனைவி. டமார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெரு முழுக்க அவளுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கட்டடத்தில் இந்தப் பக்கம் கார்க் கண்ணாடிக் கடை, அந்தப் பக்கம் அண்ணியின் லாண்டரி, மாடியில் வீடு. லாண்டரிக்கு விடுதிகளிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. அதைத் தாண்டி அவர் செருப்புக் காலோடு போகக்கூடாது. வேலைச் சட்டையோடு போகவே கூடாது. விரிப்பு எதுவும் இந்தப் பக்கம் வரவே வராது. "ஒரு பொடி போதுங்க. எவனாவது அதுல புரண்டு படுத்தான்னா நான் கடையை மூடிட்டு உங்க கூட உக்காந்து கண்ணாடி ஓரத்துக்கு பீடிங் ரப்பர் வெட்ட வேண்டியதுதான்" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள்.

அன்று காலை வழக்கமான சத்தங்களில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. அதற்குப் பதில், தாழ்ந்த குரலில் உறுமிக்கொண்டே ஒரு என்ஜின் வந்து கடை வாசலில் நின்றது. கண்ணாடிக்காரருக்கு அந்த என்ஜினைத் தெரியும். தங்கையின் கணவர், மாப்பிள்ளையின் ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம், தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும், இரண்டு பேருக்கு மேல் இடமில்லை. ஆனால் மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார். என்ஜின் அறையில் வேலை. மாதக்கணக்கில் கடலில் இருந்துவிட்டு இன்றைக்குச் சாயங்கால விமானத்தில்தான் வருகிறார்.

அவர் வெளியே போய்ப் பார்த்தார். ஓட்டுகிற இடத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போடும் வெள்ளைக் கோட்டுகூடக் கழற்றவில்லை. தலைமுடியில் ஏதோ மினுமினுத்தது. கதவுக்குப் பின்னால், முக்கோணமாக ஒரு சின்னக் கண்ணாடி இருக்கவேண்டிய இடத்தில், ஆய்வகத்துக் குப்பைப் பை ஒன்று டேப் போட்டு ஒட்டியிருந்தது. மஞ்சள் பை.

"யார் ஓட்டிட்டு வந்தது?" என்றார்.

"அண்ணே, கண்ணாடி உடைஞ்சிருக்கு. நீ யார் ஓட்டினதுன்னு கேக்கறே."

"யார் ஓட்டினது?"

"நான்தான். லைசென்ஸ் இருக்கு. போன மாசமே வாங்கியாச்சு. அண்ணிக்குத் தெரியும்."

அவர் திரும்பினார். நடுக்கதவில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள், கை முழுக்க சோப்பு நுரையோடு. "என்னைப் பாக்காதீங்க. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா" என்றாள்.

விஷயம் இதுதான். கல்யாணமான மறுவாரம் மாப்பிள்ளை அவளை இந்த வண்டியில் வெளியே கூட்டிப்போனார். இறங்கும்போது அவள் வழக்கம்போலக் கதவைச் சாத்தினாள். மாப்பிள்ளை பதறிப்போய்ச் சுற்றி வந்து, அடிபட்ட கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலக் கதவைத் தடவிக் கொடுத்தார். "இது வண்டிம்மா. லாரி இல்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அவர் தடவின தடவல்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. "உங்க வண்டியில இனிமே என் கால் படாது" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். இருவரும் பிடிவாதத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. மாப்பிள்ளை விடுமுறைக்கு வரும்போதெல்லாம், ஒரே விசேஷத்துக்கு அவர் காரிலும் அவள் பஸ்ஸிலும் போய் மண்டப வாசலில் சந்தித்துக்கொள்வார்கள். அங்கிருந்து உள்ளே கைகோத்துக்கொண்டு போவார்கள். மற்றபடி அன்பில் குறையில்லை. கார் என்ற பேச்சு மட்டும் வராது.

"இந்தத் தடவை ஏர்போர்ட்ல அவர் வெளிய வர்றப்போ நான் இந்த வண்டியோட நிக்கணும்" என்றாள் டமார். "வண்டி அனுப்பறேன்னு சொல்லியிருக்கேன். யார் ஓட்டிட்டு வருவாங்கன்னு சொல்லலை. அதுக்குத்தான் இத்தனை மாசமா விடியக்காலையில எழுந்து பழகினேன். கண்ணாடியில்லாம இந்த மஞ்சப் பையோட போய் நின்னா என்ன நினைப்பாரு? கண்ணு மாதிரி வெச்சிருந்த வண்டியை, அவரு இல்லாத நேரம் எடுத்து உடைச்சிட்டான்னுதானே?"

"அப்படித்தானே நடந்திருக்கு."

"அண்ணே!"

"சரி, எப்படி உடைஞ்சுது? அதைச் சொல்லு."

டமார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி வேறு பக்கம் பார்த்தாள்.

"ஆய்வகத்து கேட்டைத் திறக்க இறங்கினேன். என்ஜின் ஓடிட்டிருந்துச்சு. கதவைச் சாத்தினேன்."

"எப்படிச் சாத்தினே?"

"எப்பவும் போல."

"ம்."

"சாத்தின அதிர்ச்சியில உள்ள பூட்டுக் குமிழ் தானா கீழ விழுந்துடுச்சு. பழைய வண்டிதானே. சாவி உள்ள, என்ஜின் ஓடுது, இன்னொரு சாவி கப்பல்ல. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. பெரிய கண்ணாடியை உடைச்சா பெரிய நஷ்டம், சின்னதை உடைச்சா சின்ன நஷ்டம்னு நினைச்சு, செங்கல்லை எடுத்து..."

கண்ணாடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஊரில் இருக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு இது. கதவுக் கண்ணாடி எங்கே கேட்டாலும் கிடைக்கும், கழற்றி மாட்டுவதும் சுலபம். இந்தச் சின்னது ஏறாது, இறங்காது, வண்டியின் உடம்போடு பசை வைத்து ஒட்டியது. உள் அட்டையெல்லாம் பிரித்தால்தான் கை வைக்க முடியும். இந்தக் காருக்கென்றால் தேடினாலும் கிடைக்காது. வெளியாள் யாராவது உடைத்துக்கொண்டு வந்திருந்தால் அவர் பேசாமல் வேலையைப் பார்த்திருப்பார்.

"என் கூடப் பொறந்துட்டு, இந்தக் கண்ணாடிக் கடைக்கே வந்து போயிட்டிருந்துட்டு, போயும் போயும் அதையா உடைச்சே?"

"உடைக்கிறதுக்கு முன்னாடி உன்னைக் கேட்டிருக்கலாம். ஆனா கேட்டா, நான் வண்டி எடுக்கறது உனக்குத் தெரிஞ்சிடுமே."

அவர் நிமிர்ந்து மேலே பார்த்தார். ஏணியை எடுத்துப் பரணில் சாய்த்தார்.

"என்ன தேடறீங்க?" என்றாள் அண்ணி.

"இருக்கு."

"என்ன இருக்கு?"

அவர் பழைய விரிப்பில் சுற்றிய தட்டையான ஒரு பொட்டலத்தோடு இறங்கினார். கட்டைப் பிரித்தபோது உள்ளே இரண்டு முக்கோணக் கண்ணாடிகள், ஒன்றுக்கொன்று முகம் பார்த்தபடி. இதே வகைக் கார் ஒன்று முன்பக்கம் நொறுங்கி, பழைய வண்டிகளை உடைக்கிற இடத்துக்கு வந்ததாக யாரோ சொன்னார்கள். அவர் கம்பியும் பிளேடும் எடுத்துக்கொண்டு போய், பசையை அறுத்து, முழுசாகக் கழற்றிக்கொண்டு வந்திருந்தார். கல்யாணத்துக்கு முந்தின வாரம். மாப்பிள்ளையின் காரைப் பார்த்ததும், இவள் கையால் இது என்றைக்காவது ஒருநாள் உடையும் என்று தோன்றியிருந்தது. அதை அவர் வெளியே சொல்லவில்லை.

"அண்ணே..." என்றாள் டமார். குரல் இறங்கிவிட்டது.

"இந்த விரிப்பையா எடுத்து சுத்தினீங்க?" என்றாள் அண்ணி. "லாட்ஜுக்காரன் ஒண்ணு குறையுதுன்னு என் உயிரை எடுத்தான். நான் அவன்தான் கணக்குத் தப்பா சொல்றான்னு சண்டை போட்டேன்."

"பழசுன்னு நினைச்சேன்."

"எதுவும் பழசு இல்லை. போய் வேலையைப் பாருங்க."

*

வேலை தொடங்கியது. முதலில் உடைந்த கண்ணாடியைப் பொறுக்கவேண்டும். இந்த மாதிரிக் கண்ணாடி உடைந்தால் கற்கண்டு மாதிரிச் சிதறும். இருக்கை இடுக்கு, சீட் பெல்ட் வாய், கம்பளத்தடி என்று எல்லா இடத்திலும் போய் ஒளிந்துகொள்ளும். ஒன்றை விட்டாலும் வண்டி திரும்புகிற ஒவ்வொரு தரமும் உள்ளே கிலுகிலுக்கும். உள் அட்டையைக் கழற்றி, தகரத்துக்கு நடுவில் வாக்குவம் கிளீனர் குழாயை விட்டு உறிஞ்சினார். அவருடைய விரல் போகாத சந்தில் டமாரின் விரல் போயிற்று. ரத்தம் எடுக்கிற அதே நிதானத்தோடு ஒவ்வொரு துண்டாக எடுத்துத் தட்டில் போட்டாள். தட்டில் விழும்போது சத்தமே வரவில்லை.

"இந்தக் கையாலதான் கதவையும் சாத்தறியா?" என்றார்.

"கதவைச் சாத்தறப்போ நான் நினைச்சுக்கிட்டு சாத்தறதில்லை. அதுவா நடக்குது. எங்கேயாவது சரியா சாத்தலையோன்னு ஒரு பயம். திறந்துக்குமோன்னு."

அவர் குனிந்து பழைய பசையைச் சீவிக்கொண்டிருந்தார். பழைய பசையை முழுக்கச் சுரண்டக்கூடாது. தோசைக்கல்லில் ஒட்டின மாவு மாதிரி மெல்லிசாக ஒரு படலம் விட்டுவைக்கவேண்டும். புதுப் பசை தகரத்தைவிடப் பழைய பசையைத்தான் இறுக்கிப் பிடிக்கும். பிளேடு கீறி, பெயிண்ட் போன இடத்தில், பசை நன்றாகப் பிடிக்கக் கறுப்பு பிரைமர் தொட்டு வைத்தார். கண்ணாடியின் விளிம்பையும் துடைத்துப் பிரைமர் பூசிக் காயவைத்தார்.

பசைக் குழாயைப் பசை பீச்சும் துப்பாக்கியில் மாட்டி, உச்சி கூர்ந்த வரப்பு மாதிரிப் பிதுக்கிக்கொண்டே, ஒரே இழுப்பில் முக்கோணத்தைச் சுற்றி வந்தார். இந்த இடத்தில் அவர் மூச்சு விடமாட்டார். டமாரும் விடவில்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அவர் வெளியிலிருந்து கண்ணாடியை வைத்தார். அவள் உள்ளே இருந்து பார்த்தாள்.

"மேல ஒரு நூல். உன் பக்கம் தள்ளு. போதும், போதும். இப்போ அழுத்து" என்றாள்.

"நீ என்ன எனக்கே சொல்லித்தர்றே?"

"உள்ள இருக்கிறவளுக்குத்தான் தெரியும். அழுத்துண்ணே."

அழுத்தினார். பசை ஒரே சீராகப் பிதுங்கி நின்றது. வெளியே குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டினார். பிறகு இரண்டு கதவுக் கண்ணாடியையும் ஒரு சாண் இறக்கிவிட்டார்.

"இது எதுக்கு?" என்று கேட்டாள்.

"காத்து போக. எல்லாத்தையும் மூடிவெச்சுட்டு கதவை அடிச்சேன்னா, உள்ள இருக்கிற காத்து எங்கே போகும்? பசை காயாத கண்ணாடியைத்தான் தள்ளும். அதுவும் இது சின்ன வண்டி. உள்ள இருக்கிறதே ஒரு பிடி காத்து. பெரிய வண்டியில பத்தாவது அடிக்கு நடக்கிறது இதுல முதல் அடிக்கே நடந்துடும். அப்படியே ஊதித் தள்ளின மாதிரி வெளிய வந்து விழும்."

டமார் அந்தச் சின்னக் கண்ணாடியைப் பார்த்தாள். அண்ணன் வைத்திருந்த ஜோடியில் இந்தப் பக்கத்துக்கு இது ஒன்றுதான்.

"எப்போ காயும்?"

"நாளைக்குக் காலையில எடுத்துட்டுப் போ."

"சாயங்காலம் விமானம்!"

"டமாரு, இந்தப் பசை வெயில்ல காயற பசை இல்லை. காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சுத்தான் இறுகும். மழை நாளா இருந்தா பரவாயில்லை. இன்னைக்குப் பாரு." வெளியே கையைக் காட்டினார். வறட்டுக் காற்று தெருப்புழுதியைச் சுழற்றிக்கொண்டு போனது. உதடு வெடிக்கிற வெயில். "இன்னைக்கு மேல மட்டும் தோல் கட்டும். உள்ள களியா இருக்கும். நீ ஒரு கதவு சாத்தினா போதும்."

வண்டிக்குப் பக்கத்தில் காலியான பசைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கோபம் வந்தால் எழுந்துபோய் எதையாவது அறைந்து சாத்துகிறவள், முழங்காலைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்காரருக்கு அதுதான் என்னவோ செய்தது.

நடுக்கதவு திறந்தது. அண்ணி துடைப்பத்தோடு வந்தாள்.

"நகருங்க ரெண்டு பேரும்."

"எதுக்கு?"

"தரையைப் பெருக்கணும்."

பெருக்கினாள். ஈரத்துணியால் துடைத்தாள். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து, எங்காவது மினுங்குகிறதா என்று பார்த்தாள். மறுபடி துடைத்தாள். பிறகு உள்ளே போய், கயிறும் இரண்டு மூட்டை ஈர விரிப்புகளும் கொண்டுவந்தாள். அப்போதுதான் அலசி எடுத்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் மூட்டைகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஈரம்தானே வேணும் உங்க பசைக்கு? என்கிட்ட இல்லாததா?" என்றாள். "அந்த மூலையில கயிறைக் கட்டுங்க. ஷட்டரைப் பாதி இறக்குங்க. காத்து இதை எடுத்துட்டு வெளிய போகக்கூடாது."

"ஏம்மா, இது கண்ணாடிக் கடை. ஒரு பொடி..."

"எனக்கே சொல்றீங்களா? நாளைக்கு எல்லாத்தையும் திரும்பத் துவைச்சுக்கறேன். விடுதிக்காரன் ஒரு ராத்திரி பழைய விரிப்புல படுத்தா செத்துட மாட்டான். கயிறு."

காரைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளை விரிப்புகள் தொங்கின. அடுப்பில் கொதிக்க வைத்த தண்ணீரை வாளியில் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். ஆவி எழுந்து விரிப்புகளுக்குள்ளேயே சுற்றியது. கரும்பச்சைக் கார், குளிக்க வைத்த குழந்தைபோல நடுவில் உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் கடைக்குள் இருந்த எல்லாக் கண்ணாடிகளிலும் பனி படர்ந்தது.

"அண்ணி, உங்களைக் கட்டிக்கணும் போல இருக்கு" என்றாள் டமார்.

"வேணாம். உன் தலையில இன்னும் கண்ணாடி இருக்கு. மேல வா, சீவி விடறேன்."

*

சாப்பாட்டுக்கு மாடிக்குப் போனார்கள். சோறும், அவசரத்துக்குப் பொரித்த முட்டையும். அண்ணி அவள் தலையை மடியில் விரித்த காகிதத்தின் மேல் சாய்த்து, ஈரும் பேனும் பார்ப்பதுபோலக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு துண்டுகளை எடுத்தாள்.

"பசை காய்ஞ்சாலும் முழுசா காயாது" என்றார் கண்ணாடிக்காரர், தட்டில் கையை வைத்துக்கொண்டே. "மெதுவா ஓட்டலாம். அது பிரச்சினை இல்லை. ஆனா நீ கதவைச் சாத்தணும். ஏர்போர்ட்ல இறங்கறப்போ ஒரு தரம், ஏறறப்போ ஒரு தரம்..."

"மெதுவா சாத்தறேன்."

புருஷனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னை மெதுவா சாத்தவிட்டு எப்போ பாத்தீங்க? சாத்த முடியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று எழுந்தாள். அறைக்கு வெளியே போனாள். கதவைச் சாத்தினாள். டமார்! சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஒரு தரம் துள்ளி அடங்கியது.

வெளியிலிருந்து குரல் மட்டும் வந்தது. "இப்போ கோபத்துல சாத்தினேன். இது கணக்கில்லை."

கீழே அவருடைய வேலை வேனில் பழகிப் பார்க்கலாம் என்று போனார்கள். அது அப்பாவின் வேனுக்கு ஒன்றுவிட்ட தம்பி. மெதுவாகச் சாத்தினால் சாத்தவே இல்லை. "பாத்தியா? பாத்தியா? என் மேல என்ன தப்பு?" என்றாள் டமார். அண்ணி சிரிப்பை அடக்கமுடியாமல் உள்ளே போய், அங்கிருந்து கூப்பிட்டாள்.

லாண்டரியில் பெரிய துவைக்கிற மிஷின்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் வட்டமான கண்ணாடிக் கதவு.

"இதை நீ அடிச்சு சாத்தினா பூட்டாது, திரும்பி வந்து உன் முட்டியிலயே மோதும். கொண்டுபோய் வெச்சு, ஒரு அமுக்கு. டிக்னு ஒரு சத்தம் வரும். அந்த டிக்கு வந்துட்டா அப்புறம் திறக்காது, நீ பயப்பட வேண்டாம்."

டமார் அடித்தாள். கதவு திரும்பி வந்து முட்டியில் மோதியது. மறுபடி. மறுபடியும் முட்டி. முட்டியைத் தடவிக்கொண்டே நின்றவள், சட்டென்று ஏதோ தோன்றினவள்போல நிமிர்ந்தாள். வலது கை விரல்களை ஒன்றுசேர்த்து, ஊசி பிடிப்பதுபோலக் கதவின் விளிம்பைப் பிடித்தாள். மெல்லக் கொண்டுபோனாள். அது தொடுகிற இடம் வந்ததும் நிறுத்தினாள். பிறகு சின்னதாக ஒரே ஒரு தள்ளல்.

டிக்.

"தோல் வரைக்கும் மெதுவா. அப்புறம் ஒரு தள்ளு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த மிஷினுக்குப் போனாள். டிக். அடுத்தது. டிக். வரிசை முழுக்கத் திறந்து திறந்து சாத்திக்கொண்டு போனாள். சிலதில் மறந்துபோய் ஓங்கினாள். முட்டியில் வாங்கிக்கொண்டு திரும்ப ஆரம்பித்தாள்.

வெயில் சாய்ந்தபோது கண்ணாடிக்காரர் விரிப்புகளுக்குள் நுழைந்து, பிதுங்கி நின்ற பசையை நகத்தால் அழுத்திப் பார்த்தார். மேல்தோல் கெட்டியாக இருந்தது. உள்ளேயும் பழைய ரப்பர்போல எதிர்த்து நின்றது. காலையில் அவர் எதிர்பார்த்ததைவிட எவ்வளவோ மேல். ஆனால் முழுசாக இல்லை.

"மெதுவா போ. பள்ளத்துல இறக்காதே. கதவுக் கண்ணாடியை ஏத்தாதே, ஒரு சாண் திறந்தே இருக்கட்டும். டேப்பை எடுக்காதே. பின்னாடி டிக்கி மூடியையும் அடிக்காதே, அதுவும் காத்தைத் தள்ளும். அப்புறம்..."

"தோல் வரைக்கும் மெதுவா. தெரியும்ணே."

அவள் முகம் கழுவி, அண்ணியின் நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். காரில் ஏறினாள். கதவை இழுத்தாள். புருஷனும் மனைவியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

டிக்.

என்ஜின் உறுமியது. கார் விரிப்புகளைத் தலையால் விலக்கிக்கொண்டு வெளியே போனது. ஒரு விரிப்பின் ஓரம் அதன் கூரையைத் தடவி விட்டு, திரும்பவும் தொங்கியது.

*

பிறகு அவருக்கு எந்த வேலையும் ஓடவில்லை. கண்ணாடி ஒன்றை எடுத்து அளந்தார், அதே கண்ணாடியை மறுபடி அளந்தார். தெருவில் எந்தக் கதவு சாத்தினாலும் வாசலுக்கு வந்தார்.

"கொஞ்சம் உக்காருங்களேன்" என்றாள் அண்ணி.

"கண்ணாடி விழுந்தா விழட்டும். இன்னொண்ணு எங்கேயாவது தேடலாம். ஆனா அவர் கண்ணு முன்னாடி, அவ கையால விழுந்துட்டா? அவ அப்புறம் ஜென்மத்துக்கும் அந்த வண்டியைத் தொடமாட்டா. அவருக்கு எதிரே தலை நிமிந்தும் நிக்கமாட்டா."

"விழாது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"என் விரிப்பு எல்லாத்தையும் போட்டிருக்கேன். விழுந்தா சும்மா விடுவேனா?"

பொழுது இறங்கியது. தெருவில் விளக்கு எரிந்தது. வருகிற நேரம் தாண்டிவிட்டது. ஒரு கதவுச் சத்தமும் இல்லை. எங்கேயோ சாலையோரத்தில், சிதறின கற்கண்டுகளுக்கு நடுவில் தங்கை நிற்கிற மாதிரி அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. வேன் சாவியை எடுத்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க மச்சான்?"

திடுக்கிட்டுத் திரும்பினார். மாப்பிள்ளை ஷட்டருக்குக் குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்தார். வெயிலிலும் உப்புக்காற்றிலும் கறுத்த முகம். பின்னால் டமார். அவர்களுக்குப் பின்னால் வாசலில் கார் நின்றது. கதவுச் சத்தத்துக்கே காது கொடுத்திருந்ததில் அதன் உறுமல் யாருக்கும் உறைக்கவில்லை.

கண்ணாடிக்காரர் மாப்பிள்ளையை வரவேற்கக்கூட மறந்து நேரே காருக்கு ஓடினார். டேப் அப்படியே இருந்தது. உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தார். அது அசையவில்லை.

"ஓங்கிச் சாத்தலையா நீ?" என்றார் தங்கையைப் பார்த்து.

"நான் ஒழுங்காத்தான் சாத்தினேன்" என்றாள் அவள். வாய் கொள்ளாமல் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. "இவரைக் கேளு."

மாப்பிள்ளை பிடரியைத் தேய்த்தார். "நான் வெளிய வந்து டிரைவரைத் தேடிட்டிருக்கேன் மச்சான். இவ வண்டியில சாஞ்சுக்கிட்டு நிக்கறா. யார் ஓட்டிட்டு வந்ததுன்னு கேட்டா, நான்தான்கறா. நம்பவே முடியலை. சந்தோஷத்துல ஏறி உக்காந்து, கதவை..."

"கதவை?"

"கப்பல்ல எல்லாம் இரும்புக் கதவு மச்சான். ஆட்டத்துல திறந்துக்கும். உடம்பைக் குடுத்து அறைஞ்சாத்தான் சாத்தும். இத்தனை மாசமா கை அதுக்கே பழகிப்போச்சு."

"டமார்னு சாத்தினாருண்ணே!" என்றாள் தங்கை. "ஏர்போர்ட்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. எனக்கு உயிரே போயிடுச்சு. ஓடிப்போய் கண்ணாடியைப் பாத்தேன். ஒண்ணும் ஆகலை. நீ ஒரு சாண் திறந்து வெச்சது. அண்ணியோட ஈரம். அப்புறம் திரும்பி வந்து இவர்கிட்டச் சொன்னேன்."

"என்ன சொன்னே?"

மாப்பிள்ளையே சொன்னார், அவளுடைய குரலில். "இது வண்டிங்க. கப்பல் இல்லை."

அண்ணி சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்து, முந்தானை தேடி, கிடைக்காமல் தொங்கிக்கொண்டிருந்த விரிப்பிலேயே துடைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கினதும் மாப்பிள்ளை காரைச் சுற்றி வந்தார். சின்னக் கண்ணாடிக்கு எதிரில் நின்றார். தடவிப் பார்ப்பார் என்று எல்லாரும் நினைத்தார்கள். தடவவில்லை.

"வழி முழுக்க எல்லாம் சொல்லிட்டா. செங்கல் வரைக்கும்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, யாரையும் பார்க்காமல் சொன்னார். "அங்கே கப்பல்ல எங்கேயாவது கதவு அடிச்சா, நான் நிமிந்து பாப்பேன். இவதான் வந்துட்டாளோன்னு. நடுக்கடல்ல எங்கே வரப்போறா? ஆனாலும் ஒவ்வொரு தரமும் பாப்பேன். கூட வேலை செய்யறவங்க கேலி பண்ணுவாங்க."

டமார் தலையைக் குனிந்துகொண்டாள். நீலச் சேலையின் ஓரத்தை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

டீ குடித்தார்கள். மாப்பிள்ளை விரிப்புகளுக்கு நடுவிலேயே நின்று, ஈரத்தில் பசை காய்கிற கதையைக் கேட்டார். கிளம்பும்போது, "நீயே ஓட்டு" என்று சாவியை அவளிடம் நீட்டினார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஏறினார்கள். அந்தப் பக்கம் டிக். இந்தப் பக்கம் டிக்.

கண்ணாடிக்காரர் வாசலிலேயே நின்றார். ஏதோ ஒன்று பாக்கியிருப்பதுபோல இருந்தது. சுவரோரத்துக் கண்ணாடிகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றன.

"என்னங்க?" என்றாள் அண்ணி.

"ஒண்ணுமில்லை. வந்தாளா போனாளான்னே தெரியலை."

கார் நகரவில்லை. ஓட்டுகிற பக்கத்துக் கதவு திறந்தது. "வெள்ளைக் கோட்டை மேல விட்டுட்டேன்" என்று கத்திக்கொண்டே டமார் இறங்கி, கார்க் கதவைப் பூப்போலச் சாத்திவிட்டு, மாடிக்கு ஓடினாள். கோட்டை எடுத்துக்கொண்டு அதே வேகத்தில் இறங்கி, வீட்டு வாசல் கதவைத் தாண்டி வெளியே வந்தாள்.

டமார்!

கடைக்குள் சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகள் எல்லாம் ஒரு தரம் சிணுங்கின. கண்ணாடிக்காரர் திட்டுவதற்காக வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டார்.

ஒரு சாண் திறந்திருந்த கார்க் கண்ணாடி வழியாக மாப்பிள்ளையின் குரல் வந்தது. "மச்சான், அது நம்ம வண்டி இல்லையே?"

"இல்லை மாப்பிள்ளை. வீட்டுக் கதவு."

"அப்ப சரி" என்றார் மாப்பிள்ளை.